ஜூன் மாதம் தோறும் புதுப்பிறவி எடுக்கும் கடன்

கேள்வி: பெரம்பூரில் பிறந்து வளர்ந்த நான், எட்டு ஆண்டுகளாக ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எனக்குச் சம்பளம் 5,500 திர்ஹம். கணக்காளராக இருக்கும் கணவருக்கு 7,500. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது சென்னைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டு வாடகை 3,000, மின்சாரம், தண்ணீர், இணையம் 800, மகளின் கட்டணம் 500, மளிகை 1,800, கார் 1,200, தொலைபேசி 300, வார விடுமுறையில் வெளியே போய்வர 1,100, சென்னையில் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் 1,500, கடன் தவணை 2,050. கையில் நிற்பது மாதம் 750. கோடை விடுமுறையில் ஊருக்கு வர ஒவ்வொரு ஜூனிலும் வங்கியில் டாப்-அப் கடன் (ஓடும் கடனோடு கூடுதல் தொகை சேர்த்துப் புதுப்பிப்பது) வாங்குவது வழக்கம். போன டிசம்பரில் நாத்தனார் குடும்பம் ஐந்து பேராக வந்து பன்னிரண்டு நாள் தங்கினார்கள். அந்தச் செலவில் 4,800 திர்ஹம் இன்னும் கிரெடிட் கார்டில் நிற்கிறது. அதையும் ஜூன் கடனில் அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். வரும் ஆவணியில் நாத்தனார் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீராக ஐந்து சவரன் எதிர்பார்க்கிறார்கள். செய்கூலியுடன் ஐந்தே கால் லட்ச ரூபாயைத் தாண்டும். வங்கியில் கேட்டதற்கு 1,10,000 திர்ஹம் வரை எனக்குத் தகுதி இருக்கிறது என்றார்கள். இதற்கிடையே முகவர் ஒருவர் மாதம் 500 திர்ஹம் வீதம் பத்தாண்டு யூலிப் திட்டத்தில் (காப்பீடும் சந்தை முதலீடும் கலந்தது) சேரச் சொல்கிறார். துபாயில் ஒரு ஓட்டலில் நடந்த மனைக் கண்காட்சியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மனையும் பார்த்து வந்தோம். எதில் முதலீடு செய்வது நல்லது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஷார்ஜா)

பதில்: கணிதம் கற்பிப்பவருக்கு நான் கூட்டு வட்டியை விளக்க வேண்டியதில்லை, என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு), காப்பீடு போன்றவையும் எட்டு ஆண்டு வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரியாதவை அல்ல. உங்கள் நீண்ட கடிதத்தில் "ஒவ்வொரு ஜூனிலும் டாப்-அப் கடன் வாங்குவது வழக்கம்" என்ற ஒரு வரியை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மற்ற எல்லாச் செலவுகளுக்கும் எதிரே தொகை எழுதிய நீங்கள், இந்த வழக்கத்துக்கு எதிரே எந்தத் தொகையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எங்கே முதலீடு செய்வது என்று என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கடன் அறிக்கையின் நகலைக் கடிதத்துடன் அனுப்பியது நல்லதாயிற்று. 2019இல் வீட்டுக்கு முன்பணமும் கட்டில் பீரோவும் வாங்க 40,000 திர்ஹம் கடன் எடுத்தீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் கடனை 48 மாதங்களுக்கு மேல் நீட்டிக்க விதி இடம் தராது என்பதால், அந்தக் கடன் 2023இல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை டாப்-அப் ஆகி, ஒவ்வொரு முறையும் மறுபடி 48 மாதம் என்று புதுப்பிறவி எடுத்து, கடந்த ஜூனில் 83,000 திர்ஹமாக நின்றது. கொரோனாவால் ஊருக்கு வர முடியாமல் போன 2020இல் மட்டும் நிலுவை ஒழுங்காக இறங்கியிருப்பதை உங்கள் அறிக்கையிலேயே பார்க்கலாம்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 83,000 திர்ஹம், எட்டரை விழுக்காடு வட்டி, மாதம் 2,050 தவணை. பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டுவது 24,600. அதில் அசலுக்குப் போவது சுமார் 18,200, வட்டிக்கு சுமார் 6,400. ஆக வரும் ஜூனில் நிலுவை 65,000 அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது விமான டிக்கெட்டுக்கு 5,400, வாங்கிப் போகும் பொருள்களுக்கு 3,000, சென்னைச் செலவுக்கு 4,800, டிசம்பர் விருந்தாளிகளின் கார்டு பாக்கிக்கு 4,800 என்று 18,000 திர்ஹம் எடுக்கிறீர்கள். நிலுவை மறுபடியும் 83,000. ஓராண்டு முழுக்க வகுப்பறையில் நின்று சம்பாதித்துக் கட்டிய அசல், ஒரே நாளில் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. வட்டி 6,400, ஒவ்வொரு முறையும் பிடிக்கும் கட்டணம் 870, இரண்டும் சேர்ந்தால் 7,270 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். ஊருக்கு வரும் செலவும் விருந்தாளிகளின் கார்டு பாக்கியும் சேர்ந்து நான்கே கால் லட்சம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அது ஆறு லட்சம்.

இப்போது சீருக்காக இன்னும் 22,000 சேர்த்து, மொத்தம் 1,05,000 திர்ஹம் கடனாக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். தவணை சுமார் 2,590 ஆகும். மாதம் மிஞ்சும் 750, அன்றைக்கு 210 ஆகிவிடும். அந்த 210இல் இருந்து 500 திர்ஹம் யூலிப் தவணை எப்படிக் கட்டுவது என்பதை உங்கள் மாணவர்களிடம் கேட்டால்கூட விடை கிடைக்காது.

"தகுதி இருக்கிறது" என்று வங்கி சொன்னதை ஒரு நற்சான்று போல எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகுதி எப்படி வருகிறது தெரியுமா? அங்கே மத்திய வங்கி, மாதச் சம்பளத்தின் 20 மடங்குக்கு மேல் தனிநபர் கடன் தரக் கூடாது, எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வங்கிகளுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. உங்கள் 5,500ஐ இருபதால் பெருக்கியதுதான் அந்த 1,10,000. அது வங்கிக்குப் போட்ட கடைசி வேலி. உங்கள் மகளின் படிப்பையோ, நான்கு ஆண்டில் ஊர் திரும்பும் திட்டத்தையோ வங்கி அதில் சேர்த்துக் கணக்கிடவில்லை.

ஊர் திரும்புவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் வளைகுடாவில் வேலை செய்யும் ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில்தான் இடறி விழுகிறார்கள். வேலையை விடும்போது பணிக்கொடை கைக்கு வரும், அதைக் கொண்டு சென்னையில் ஒரு தொடக்கம் செய்யலாம் என்று நம்புகிறீர்கள். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே கணக்கிடப்படும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 3,000 என்று எழுதியிருப்பதால், எட்டு ஆண்டுக்கு 195 நாள், நாளொன்றுக்கு 100 என்று 19,500 திர்ஹம் வரும். சம்பளக் கணக்கின் பேரில் வாங்கிய கடன் நிலுவையில் இருந்தால் வங்கி முதலில் கை வைப்பது இந்தத் தொகையில்தான். 1,05,000 கடனுக்கு 19,500 எந்த மூலைக்கு? பாக்கியைத் தீர்க்காமல் விமானம் ஏறுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதாவது நீங்கள் ஊருக்கு வருவதற்காக வாங்கும் கடனே, உங்களை ஊருக்குத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கும். பள்ளி அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போனால் இந்தக் கணக்கு நான்கு ஆண்டு காத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலீடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முகவர் காட்டிய யூலிப் தாளில் 4 விழுக்காடு, 8 விழுக்காடு என்று இரண்டு வளர்ச்சி விகிதங்கள் அச்சாகியிருக்கும். இரண்டுமே உத்தரவாதம் அல்ல. முகவரின் விரல் 8க்குக் கீழே உள்ள கட்டத்தில்தான் நின்றிருக்கும். எட்டரை விழுக்காட்டில் நிச்சயமாகக் கடன் வைத்துக்கொண்டு, எட்டு விழுக்காடு ஒருவேளை வரலாம் என்ற திட்டத்தில், கட்டணங்களையும் கொடுத்துச் சேர்வதற்கு ஒரு காரணமும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தை வெளியே எடுக்கவும் முடியாது. உங்களுக்கோ நான்கு ஆண்டில் பணம் தேவை. மனை விஷயத்தில் எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. மாம்பலத்தில் இருக்கும் என்னால் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு காலைப் பொழுதில் போய் மனையையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு வர முடியும். அதை ஏன் துபாய் ஓட்டலில், குளிர்பானம் கொடுத்து, "வெளிநாடுவாழ் தமிழர்களுக்கு மட்டும்" என்று விற்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் கடனில் முன்கூட்டிக் குறையும் ஒவ்வொரு திர்ஹமும் எட்டரை விழுக்காடு நிச்சய வருமானம் தருகிறது. இன்றைய நிலையில் உங்களுக்கு அதைவிடச் சிறந்த முதலீட்டை நான் காட்ட முடியாது.

ஆகவே, இந்த ஜூனில் டாப்-அப் கிடையாது. ஒரு திர்ஹம்கூடக் கிடையாது. அப்படியானால் பயணமும் திருமணமும் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடக்கும்.

முதலில் கார்டு பாக்கி. மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும் அந்த 4,800 திர்ஹம்களை ஜூன் வரை வைத்திருப்பதே தவறு. இரண்டு லட்ச ரூபாய் என்.ஆர்.இ. வைப்பு ஒன்று அவசரத் தேவைக்காகச் சென்னையில் இருப்பதாகவும், அது தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டதாகவும் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டுக்குள் முறித்தால்தான் வட்டியே இல்லாமல் போகும். உங்களுக்குச் சிறிது வட்டி குறையும், அவ்வளவே. அதை இந்த வாரமே முறித்து, 1,15,000 ரூபாயை அங்கே வரவழைத்துக் கார்டைத் தீர்த்துவிடுங்கள். மீதி ஏறக்குறைய 85,000 கையிருப்பாக இருக்கட்டும். அவசரம் என்றால் மருத்துவமனை என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 36 விழுக்காட்டுக் கடனும் அவசரம்தான்.

அடுத்து பயணம். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மாதம் 750 வீதம் 3,750 சேரும். பள்ளி ஜூலையில் தரும் டிக்கெட் படி 1,500. இவை தவிர, உங்கள் கணக்கில் எங்குமே தென்படாத ஒரு தொகை இருக்கிறது: நீங்களும் மகளும் ஆறு வாரம் சென்னையில் இருக்கும்போது ஷார்ஜா வீட்டில் மளிகையும் வெளியே போகும் செலவும் பெரும்பகுதி நின்றுவிடுகின்றன. கணவர் திருமணத்துக்காக ஆகஸ்ட் கடைசியில் மட்டும் வருகிறார் என்பதைக் கழித்தாலும் 3,500 திர்ஹமாவது மிஞ்ச வேண்டும். இத்தனை ஆண்டுகள் அது எங்கே போயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. மூன்றும் சேர்ந்து 8,750. டிக்கெட்டுக்கு 5,400; மற்ற எல்லோரும் ஊரிலிருந்து திரும்பும் வேளையில் கணவர் இந்தப் பக்கம் வருவதால், அவர் வரும் வழிக் கட்டணம் சற்றுக் குறையவும் கூடும். பொருள்களுக்கு 600. சென்னையில் 2,750 திர்ஹம், அதாவது 66,000 ரூபாய்.

பொருள்களுக்கு 600 என்பதைப் படித்ததும் உங்கள் முகம் சுருங்கியிருக்கும். வாசனைத் திரவியம், பால் பவுடர், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், சாக்லேட் என்று இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்து, அதில் பாதிக்கு மேல் இன்று பெரம்பூரிலேயே பல்பொருள் அங்காடியில் கிடைப்பதைப் பார்த்தும், அடுத்த ஆண்டும் அதையே செய்கிறோம். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் போதும். அதேபோல, வந்த முதல் வாரத்திலேயே வேன் பேசி இருபது பேரைத் திருப்பதிக்கும் காஞ்சிபுரத்துக்கும் அழைத்துப் போகும் செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழ வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதப்படவில்லை.

சீர் என்பது நுட்பமான விஷயம் என்பது எனக்குத் தெரியும். நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் வெறுங்கையோடு போய் மேடையில் நிற்க முடியாது, நிற்கவும் சொல்லமாட்டேன். உங்கள் திருமணத்தில் அவர்கள் எழுதிய மொய் நோட்டில் இருக்குமானால், அதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், அது கடன். ஆனால் ஐந்து சவரன் என்பது யாரும் நோட்டில் எழுதி வைத்த கடன் அல்ல, "அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்" என்ற நினைப்பில் பிறந்த எண். அட்சய திருதியைதோறும் ஒரு கிராம், இரண்டு கிராமாக வாங்கிய 12 கிராம் நாணயங்கள் உங்கள் அம்மா வீட்டு பீரோவில் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதில் எட்டு கிராம் ஒரு சவரன். அதைக் கொடுத்து ஒரு மோதிரமோ சிறு சங்கிலியோ செய்வித்து, பட்டுப்புடவையும் தட்டு வரிசையும் சேர்த்து வையுங்கள். செய்கூலியும் புடவையும் அந்த 66,000க்குள் அடங்கும். ஒரு சவரன் சீர் செய்யும் தாய்மாமன் சென்னையில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் தலைகுனிய வேண்டியதில்லை.

இதைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அதுவும் அவருடைய அக்காவிடம், இப்போதே, தொலைபேசியில். ஆவணி வரை மௌனமாக இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் சொன்னால் அது அவமானமாகிவிடும். ஆறு மாதம் முன்னே சொன்னால் அது வெறும் தகவல். "அக்கா, எனக்கு வங்கியில் பதினெட்டு, இருபது லட்ச ரூபாய் கடன் இருக்கிறது. ஒரு சவரனும் புடவையும் என்னால் நிறைவாகச் செய்ய முடியும். அதற்கு மேல் செய்தால் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும்" என்று தொகையோடு சொல்லட்டும். இரண்டு சம்பளம் வாங்கும் வீட்டில் கடன் இருக்கிறது என்பதே அந்தப் பக்கத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாதபடி இத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டது நீங்கள்தான். ரூபாய் மதிப்புச் சரிந்ததும் இதைக் கூட்டியிருக்கிறது. 2019இல் ஒரு திர்ஹத்துக்கு 19 ரூபாய் கிடைத்தது, இப்போது 24 கிடைக்கிறது என்றதும், ஊரில் உள்ளவர்களுக்கு உங்கள் சம்பளம் ஏறியது போலத் தோன்றுகிறது. கடன் வாங்கிய திர்ஹத்தை "இப்போது அனுப்பினால் லாபம்" என்று நீங்களும் போன ஆண்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடனும் வாடகையும் திர்ஹத்தில் இருக்கும்போது அந்த லாபம் உங்களுக்கு வந்து சேர்வதில்லை.

அடுத்த டிசம்பரிலும் நாத்தனார் குடும்பம் வர ஆசைப்படுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வரட்டும். தங்க இடமும் வீட்டுச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு; விசா, டிக்கெட், நுழைவுக் கட்டணம் அவர்கள் பொறுப்பு. போன முறை பன்னிரண்டு நாளில் உயரமான கோபுரத்தின் உச்சி, பாலைவனச் சவாரி, கேளிக்கைப் பூங்கா என்று ஒன்பது சுற்றுலாத் தொகுப்புகளுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். துபாய் க்ரீக் என்னும் கடற்கழியை ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா படகில் கடப்பதும், ஷார்ஜா கடற்கரைச் சாலையில் மாலையில் நடப்பதும், கோர்பக்கான் கடற்கரைக்கு மலைகளின் ஊடே காரில் போவதும் விருந்தாளிகளுக்குக் குறைவான மகிழ்ச்சியைத் தராது. கோபுர உச்சிக்குத்தான் போக வேண்டும் என்பவர்கள் தங்கள் சீட்டைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் வார விடுமுறைக்கு நீங்கள் ஒதுக்கும் 1,100 திர்ஹத்தில் கை வைக்கச் சொல்லமாட்டேன். அதைக் குறைத்து யூலிப் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள், கூடாது. ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் விடுமுறை. நான்கு நாள் நீண்ட பள்ளி வேலைக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் ரோலா பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, மகளைக் கடற்கரையில் ஓடவிட்டு வருவதுதான் அங்கே உங்கள் வாழ்க்கை. அந்தச் செலவு உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது, கடனிலிருந்து போகவில்லை. பெற்றோருக்கு அனுப்பும் 1,500ம் அப்படியே தொடரட்டும்.

டாப்-அப்பை நிறுத்தினால் வரும் ஜூனுக்குப் பிறகு 36 தவணைகள் மீதி இருக்கும். அவற்றில் வட்டி மொத்தமே சுமார் 9,000 திர்ஹம்தான். இப்போது ஒன்றேகால் ஆண்டில் நீங்கள் தொலைப்பது அது. ஊர் திரும்ப நீங்கள் வைத்திருக்கும் நான்கு ஆண்டுக் கெடுவுக்கு முன்பே கடன் முடிந்துவிடும். அதன் பிறகு மாதம் 2,050ஐ அப்படியே என்.ஆர்.இ. தொடர் வைப்பில் போடுங்கள். பெயர் கவர்ச்சியாக இல்லாத அந்தக் கணக்கின் வட்டிக்கு, நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் வரை, இந்தியாவில் வருமான வரி இல்லை. இடையில் வரும் கோடைகளுக்கு, செப்டம்பரிலிருந்தே மாதம் 700 தனியே எடுத்து வையுங்கள். அந்தத் தொகை போதாத ஆண்டில் ஊருக்கு வர வேண்டாம், பெரியவர்களில் இருவரை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மூன்று பேர் ஜூலையில் பறப்பதைவிட அது மலிவு.

மே மாதக் கடைசியில் வங்கியிலிருந்து "உங்களுக்காக முன்அனுமதிக்கப்பட்ட தொகை" என்று குறுஞ்செய்தி வரும். ஒவ்வோர் ஆண்டும் ஜூனுக்குச் சற்று முன்னே வருவது தற்செயல் அல்ல. கிளைக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இத்தகைய அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்துவிடுங்கள். கடைசித் தவணை கட்டிய அன்று கடன் நிலுவை இல்லை என்ற கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்கி, ஒரு நகலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். பணிக்கொடை வங்கியின் பிடியிலிருந்து விடுபட்டதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஆதாரம் அந்தத் தாள்தான்.